எண்ணிலே ஒரு மாலைமாற்று

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் திருப்பாலைவனத்திலும், ஏரிக்கரைக் குப்பங்களிலும், பழவேற்காட்டுத் தெருக்களிலும் எங்களைப் போன்ற மாணவியரைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "பதினொன்றாவதில் என்ன பிரிவு?" என்பது. "கணக்கு" என்று நாங்கள் சொன்னவுடன் இரண்டாவது கேள்வி வந்து விழும். "பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கும்மா?"

கேட்பவர்கள் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. பெரியம்மா கேட்கிறார்; வலை பழுதுபார்த்துக் கொண்டிருக்கும் தாத்தா தலை நிமிராமலே கேட்கிறார்; எங்களோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த தோழியர்கூடக் கேட்கிறார்கள். கணிதப் பிரிவில் இவ்வாண்டு நாங்கள் ஒன்பது பேர் மட்டுமே. மற்றத் தோழியர் பலர் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும் அதை விட்டு விலகினார்கள். இது வருந்தத்தக்கது என்பது எங்கள் கருத்து. அக்கருத்தைச் சொல்ல ஆண்டு மலரில் கிடைத்த இப்பக்கங்களை ஓர் எண்ணுக்கு ஒதுக்குகிறோம். அந்த எண் இது:

12345678987654321

பதினேழு இலக்கங்கள். வாயால் சொல்ல முற்பட்டால் கோடி என்ற சொல்லை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அதன் அளவு எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் அது அதுவாகவே இருக்கிறது. அதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்வித விளையாட்டு புதிதன்று. 'விகடகவி' என்ற சொல்லைத் தலைகீழாகப் படித்தாலும் விகடகவிதான். சிறு வயதில் 'தேரு வருதே' என்றும் 'மோரு போருமோ' என்றும் சொல்லிச் சொல்லி நாம் சிரித்திருக்கிறோம். ஒரு சொல்லோடு நிற்காமல் முழுப் பாடலையே இவ்வாறு அமைப்பதற்கு 'மாலைமாற்று' என்று பெயர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருமாலைமாற்று என்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பெயர் வைத்தவர் யாரோ, மாலை கட்டத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். பழவேற்காட்டு மகிமை மாதா திருவிழாவுக்கு மாலை கட்டுகிறபோது நாங்கள் செய்வது என்ன? நடுவில் ஒரு பெரிய ரோஜாவை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு கொத்து மல்லிகை என்றால் அந்தப் பக்கமும் ஒரு கொத்து மல்லிகை என்று இருபுறமும் ஒத்துக் கட்டுகிறோம். எந்த முனையிலிருந்து பார்த்தாலும் மாலை ஒன்றே. நம் எண்ணின் நடுவில் 9 என்னும் ரோஜா இருக்கிறது. ஆகவே இவ்வகை எண்களை இக்கட்டுரையில் மாலைமாற்று எண்கள் என்றே அழைப்போம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒன்பது ஒன்றுகளைக் கொண்ட 111111111 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருகிறது. சிறியதிலிருந்து தொடங்குவோம்.

1 × 1 = 1
11 × 11 = 121
111 × 111 = 12321
1111 × 1111 = 1234321

இப்படியே ஏறிக்கொண்டு போனால் ஒன்பதாம் படியில் நம் எண் நிற்கிறது. பொது அறிவுப் புத்தகங்களில் இதைக் கட்டம் கட்டிப் போட்டு, மேலே 'கணித அதிசயம்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. அதிசயம் என்று சொல்லி நிறுத்திவிட்டால், படிப்பவளும் 'ஆகா' என்று சொல்லி நின்றுவிடுகிறாள். ஏன் என்று கேட்க வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போகிறாள்.

நாங்களும் அப்படி வாயடைத்துப் போனவர்களே. அதனால் அடைந்த வெட்கத்தை மறைக்காமல் சொல்கிறோம். நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் நடந்த கண்காட்சிக்கு ஒரு பெரிய அட்டை தயாரித்தோம். மேலே சொன்ன வரிசையை ஒன்று முதல் ஒன்பது வரை வண்ண மையில் எழுதினோம். அட்டையின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. பத்து ஒன்றுகளுக்கும் எழுதிவிடலாமே என்று ஒருத்தி சொன்னாள். பெருக்கிப் பார்க்கவில்லை. வரிசைதான் தெரிந்துவிட்டதே! ஒன்பதுக்குப் பின் பத்து வரும் என்று 12345678910987654321 என எழுதி, சுற்றிலும் பொன்னிறக் காகிதம் ஒட்டினோம். வந்த பெற்றோர்கள் பாராட்டினார்கள். புகைப்படமும் எடுத்தார்கள்.

மாலையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து அட்டையின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு, "அக்கா, கடைசி வரி தப்பு" என்றாள். எங்களுக்குக் கோபம் வந்தது. "பெருக்கிப் பார்த்தியா?" என்று அதட்டினோம். "பெருக்கல, எண்ணிப் பார்த்தேன்" என்றாள். மேலே உள்ள வரிகளில் 1, 3, 5, 7 என இரண்டிரண்டு இலக்கமாகக் கூடிக்கொண்டு போகின்றன. ஒன்பதாம் வரியில் 17. ஆகவே பத்தாம் வரியில் 19 இருக்க வேண்டும். நாங்கள் எழுதியதில் 20 இருக்கிறது என்பது அவள் வாதம். கணித ஆசிரியையான அருட்சகோதரி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார்.

பெருக்கினோம். விடை 1234567900987654321. பத்தொன்பது இலக்கங்கள்; மாலைமாற்றும் இல்லை. இடப்பக்கத்து 8 காணாமல் போயிருந்தது.

காரணம் கரும்பலகையிலேயே தெரிந்தது. 111ஐ 111ஆல் பெருக்கும்போது நாம் 111ஐ மூன்று வரிகளில், ஒவ்வொரு வரியையும் ஓர் இடம் தள்ளி எழுதிக் கூட்டுகிறோம். வலது ஓரப் பத்தியில் ஒரே ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு, நடுவில் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஆகவே 12321. அதாவது விடையின் ஒவ்வோர் இலக்கமும் அந்தப் பத்தியில் எத்தனை ஒன்றுகள் நிற்கின்றன என்பதைச் சொல்கிறது. ஒன்பது வரை இதற்கு இடையூறு இல்லை. பத்து ஒன்றுகள் ஆனதும் நடுப் பத்தியில் பத்து வந்துவிடுகிறது. சுழியைப் போட்டு மீதி 1. அடுத்த பத்தியில் 9 இருக்கிறது, மீதியோடு அதுவும் பத்து. மறுபடி சுழி, மீதி 1. அதற்கடுத்த 8 அந்த மீதியை வாங்கிக்கொண்டு 9 ஆகிவிடுகிறது. அங்கே சங்கிலி நிற்கிறது. 8 தொலையவில்லை, உருமாறி நிற்கிறது.

நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் ஒன்பதோடு மாலை முடிகிறது. பதினாறு பதினாறாக எண்ணும் முறையில், கணிப்பொறித் துறையில் அப்படி ஒரு முறை உண்டு, பதினைந்து ஒன்றுகள் வரை இந்த வரிசை குலையாமல் போகும். ஆக இந்த 'அதிசயம்' எண்ணின் இயல்பு பாதி, நாம் எண்ணும் வழக்கம் பாதி.

அட்டை விஷயத்தில் இன்னொன்றும் பின்னால் தெரிய வந்தது. நாங்கள் தவறாக எழுதிய 12345678910987654321 ஒரு பகா எண்ணாம்! ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதது. எங்கள் அட்டையோ அதை ஓர் எண்ணின் வர்க்கம் என்று பொன் எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய தவறை நாங்கள் தேடினாலும் செய்திருக்க முடியாது.

அதன் பிறகுதான் எங்களுக்கு இவ்வெண்களின் மேல் உண்மையான பற்று உண்டாயிற்று.

நம் பதினேழு இலக்க எண்ணை உடைத்துப் பார்த்தோம். 111111111 என்பது 9 × 37 × 333667. ஆகவே நம் எண், 3ஐ நான்கு முறையும் 37ஐ இரண்டு முறையும் 333667ஐ இரண்டு முறையும் பெருக்கக் கிடைப்பது. மீதியின்றி அதை வகுக்கும் எண்கள் மொத்தம் 45. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 81 வரும். எண்ணும் 81ஆல் வகுபடுகிறது. எண்ணின் வர்க்கமூலம் ஒன்பது ஒன்றுகள். இலக்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் 9. ஒன்பது ஒன்றுகளை அதே ஒன்பது ஒன்றுகளோடு பெருக்கும்போது பத்திகளில் நிற்பவை மொத்தம் ஒன்பது ஒன்பதாக 81 ஒன்றுகள். எங்கும் மீதி ஏறவில்லை. ஆகவே கூட்டினாலும் 81. காரணம் தெரிந்தபின் வியப்பு குறையும் என்பார்கள். எங்களுக்குக் குறையவில்லை.

இவ்வெண்களை மாலையாகக் கண்டவர்கள் நாம் மட்டுமல்லர். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850இல், மகாவீரர் என்னும் சமண ஆசிரியர் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை வடமொழியில் இயற்றினார். அதில் பெருக்கல் பயிற்சிக்கு அவர் கொடுக்கும் கணக்குகளின் விடைகளைப் பாருங்கள்.

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
14287143 × 7 = 100010001
27994681 × 441 = 12345654321

இவ்விடைகளை அவர் கழுத்தில் அணியும் மணிமாலைக்கு ஒப்பிடுகிறார். பெருக்கலில் ஓர் இலக்கம் பிசகினாலும் மாலை அறுந்துவிடும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. விடையே தன் தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னமே மாணவரைத் தாமே சரிபார்க்க வைத்த ஆசிரியரை எண்ணி மகிழ்கிறோம்.

கடைசிக் கணக்கை மட்டும் சற்று உற்று நோக்குங்கள். 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐயும் 5291ஐயும் பெருக்கினால் 111111. ஆகவே விடை 111111இன் வர்க்கம், நம் வரிசையில் ஆறாம் படி! இதை நாங்கள் ஒரு மதிய உணவு இடைவேளையில் கண்டுபிடித்தோம். எங்களுக்கு முன் எத்தனையோ பேர் கண்டிருப்பார்கள். இருந்தாலும் அன்று சோறு ஆறிப்போனது.

இந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தவர் சென்னைப் பேராசிரியர் எம். ரங்காசாரியர், வெளியிட்டது சென்னை அரசினர் அச்சகம். நம் ஏரியின் வடகரையில் பேசப்படும் தெலுங்கு மொழியிலோ பாவுலூரி மல்லணா பதினோராம் நூற்றாண்டிலேயே அந்நூலைத் தழுவி எழுதிவிட்டார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் நிறைவு இராது. டி. ஆர். கப்ரேகர், 1905இல் பிறந்தவர், மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகித்தவர் அல்லர். பம்பாய்க்கு அருகில் உள்ள ஒரு இரயில் நிலையத்தில் இருந்தபோது ஒருவகை எண்களைப் பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது. அந்த நிலையத்தின் அன்றைய பெயராலேயே அவற்றுக்குத் 'தெம்லோ எண்கள்' என்று பெயரிட்டார். இன்று அந்த ஊர் டோம்பிவலி. நாம் கண்ட 1, 121, 12321 என்னும் வரிசையும் அவற்றுள் அடங்கும். நம் பதினேழு இலக்க எண்ணும் ஒரு தெம்லோ எண்ணே. இரயிலுக்கோ பேருந்துக்கோ காத்திருப்பவர்கள் எல்லாரும் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று யார் சொன்னது?

அவருடைய ஆராய்ச்சி அற்பமானது என்று அந்நாளில் கற்றோர் சிலர் நகைத்தார்கள். 1949இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் அவர் 6174 என்னும் எண்ணின் பண்பை எடுத்துரைத்தார். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண் ஏதேனும் ஒன்றை எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அவ்வாறே செய்யுங்கள். ஏழு முறைக்குள் 6174 வந்துவிடும்; பின் அங்கேயே நிற்கும், ஏனெனில் 7641 − 1467 = 6174. 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்தியில் எழுதிய பிறகே உலகம் கப்ரேகரை அறிந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

'இதெல்லாம் நல்ல விளையாட்டு. இதனால் சோறு வருமா?' என்று வலை பின்னும் தாத்தா கேட்பது எங்கள் காதில் விழுகிறது. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம்.

அவள் அம்மா ஏரியில் பிடிக்கும் நண்டை ஒரு வியாபாரிக்கு ஊற்றுகிறவர். நாள்தோறும் எடை போட்டுத் தொகையை ஏட்டில் குறித்துக்கொண்டு, வாரக் கடைசியில் சேர்த்துப் பணம் கொடுப்பது வழக்கம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு முழுதும் மனக்கணக்கு. ஒரு வாரம் அம்மா, "ஒன்பதாயிரத்து முந்நூத்தி அறுபது வரணும்" என்றார். வியாபாரியின் சீட்டில் 8,820 என்று இருந்தது. 540 ரூபாய் குறைவு. சீட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டல் சரியாகவே இருந்தது. "படிக்காத பொம்பளை, எங்கேயோ மறந்துட்டு பேசுறே" என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அப்பாவும் அப்படியே சொன்னார். அம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். இரவு வரை யாரோடும் பேசவில்லை.

மகள் விளக்கடியில் சீட்டைப் பிரித்தாள். ஆறு நாள் தொகைகள்: 1,450; 1,280; 1,700; 1,390; 1,560; 1,440. அவள் முதலில் செய்தது 540ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தது. வகுபட்டது.

ஏன் ஒன்பது? ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி இடம் மாற்றினாலும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஒன்பதின் மடங்காகவே இருக்கும். 73ஐத் திருப்பினால் 37; வேறுபாடு 36. பத்து என்பது ஒன்பதோடு ஒன்று. நூறு என்பது தொண்ணூற்றொன்பதோடு ஒன்று. ஆகவே ஒன்பதால் வகுத்தால் மிஞ்சுவதை இலக்கங்களின் கூட்டுத்தொகையே தீர்மானிக்கிறது. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. (6174கூட ஒன்பதின் மடங்காக இருப்பது இதனால்தான்.) கணக்கில் ஒன்பதின் மடங்காக ஒரு தொகை உதைத்தால், எழுதும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இருக்கலாம் என்றுதான் சொல்கிறோம்; தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு முறை அப்படி வரும்.

540 என்பது ஆறு தொண்ணூறுகள். அப்படியானால் நூறின் இடத்து இலக்கமும் பத்தின் இடத்து இலக்கமும் மாறியிருக்க வேண்டும்; அவற்றுக்கிடையே வேறுபாடு ஆறாக இருக்க வேண்டும். சீட்டில் அப்படி இருந்தவை இரண்டே வரிகள்: 1,280, 1,390. அவள் அம்மாவை எழுப்பி, "செவ்வாய்க்கிழமை எவ்வளவு, வியாழக்கிழமை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். சீட்டில் இருப்பதைச் சொல்லவில்லை. "வியாழன் ஆயிரத்து முந்நூத்தி தொண்ணூறு. செவ்வாய் ஆயிரத்து எண்ணூத்தி இருபது. அன்னைக்குத்தான் பெரிய நண்டா விழுந்துச்சு" என்றார் அம்மா.

1,820ஐ 1,280 என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் வியாபாரி தம் எடைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்து, "கை தவறிடுச்சும்மா" என்று சொல்லி 540 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மாவின் கணக்கு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதை நம்புவதற்குத்தான் ஆளில்லாமல் இருந்தது.

கணக்கு நம் மக்களுக்குப் புதிதன்று என்பதற்கு இந்த ஏரியே சாட்சி. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்காதபடி நாட்களைச் சுழற்றி வைப்பது எளிய கணக்கா? அதை வகுத்தவர்கள் எந்தப் பள்ளியிலும் கணிதப் பிரிவு எடுத்தவர்கள் அல்லர். அந்த அறிவு வாய்மொழியாக இருக்கிறது. தாளில் எழுதிய கணக்கு எதிரே வந்து நிற்கும்போது அது வாயடைத்துப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசப் படித்த பிள்ளைகள் வேண்டும். கணக்குப் பாடத்தை விட்டுவிடாதே என்று தோழியரிடம் நாங்கள் மன்றாடுவது இதற்காகவே. எல்லாரும் பொறியாளராக வேண்டும் என்பதற்காக அன்று.

எண்ணைக் கண்டு அஞ்சுவதும் பெண்களிடம் மிகுதி என்பார்கள். அதிலும் ஒரு மாலைமாற்று எண் இருக்கிறது. 1 எழுதி, பதின்மூன்று சுழிகள் போட்டு, 666 எழுதி, மறுபடி பதின்மூன்று சுழிகளும் கடைசியில் 1ம் போட்டால் 31 இலக்க எண் ஒன்று கிடைக்கும்.

1000000000000066600000000000001

இது ஒரு பகா எண். திருவெளிப்பாடு நூலின் 13ஆம் அதிகாரத்தில் விலங்கின் எண்ணாக 666 வருவதாலும், மேலைநாட்டார் பதின்மூன்றைத் தீய எண்ணாகக் கருதுவதாலும், கிளிஃபர்ட் பிக்கோவர் என்னும் எழுத்தாளர் இதற்கு வேடிக்கையாக பெல்பெகோர் என்ற பேயின் பெயரைச் சூட்டிவிட்டார். எங்கள் வகுப்பில் ஒருத்தி இதை நோட்டில் எழுதவே மறுத்தாள். அருட்சகோதரி சிரித்துக்கொண்டே, "பேய் பிடிக்கிறதா என்று பிறகு பார்க்கலாம், முதலில் பதினொன்றால் வகுபடுகிறதா என்று பார்" என்றார்.

அவர் பதினொன்றைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டி, இரண்டு கூட்டுத்தொகைகளின் வேறுபாட்டைக் காணுங்கள். அது சுழியாகவோ 11இன் மடங்காகவோ இருந்தால் எண் 11ஆல் வகுபடும். இரட்டைப்படை இலக்கங்கள் கொண்ட மாலைமாற்று எண் எதை எடுத்தாலும், ஒவ்வோர் இலக்கமும் ஒருமுறை இந்தக் கூட்டத்திலும் ஒருமுறை அந்தக் கூட்டத்திலும் வந்து இரண்டும் சமமாகிவிடும். 7337ஐப் பாருங்கள்: 11 × 667. ஆகவே இரட்டைப்படை இலக்கங்கள் கொண்ட மாலைமாற்று எண்களில் 11ஐத் தவிர வேறு பகா எண் கிடையவே கிடையாது. கோடி இலக்கங்கள் வரை போனாலும் கிடையாது. பேயின் பெயர் கொண்ட எண் 31 இலக்கங்களோடு நிற்பதால் தப்பித்தது. எழுத மறுத்தவள் இப்போது அதை மனப்பாடமாகச் சொல்கிறாள்.

கடைசியாக, வகுப்பில் எல்லாரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பி எழுதிக் கூட்டுங்கள். மாலைமாற்று வராவிட்டால் வந்ததைத் திருப்பிக் கூட்டுங்கள். 47ஐ எடுத்தால் 47 + 74 = 121, ஒரே படியில் முடிந்தது. 89ஐ எடுத்தால் அவ்வளவு எளிதில் விடாது. 187, 968, 1837, 9218, 17347, 91718 என்று போய்க்கொண்டே இருந்து இருபத்து நான்காம் படியில்தான் 8813200023188 என்ற மாலையில் வந்து முடியும்.

எங்கள் ஒன்பது பேரில் முதல் முறை இதைச் சரியாகச் செய்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் எங்கோ மீதியை விட்டிருந்தோம். தவறு எந்தப் படியில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மறுபடியும் ஒன்பதும் பதினொன்றும் கை கொடுத்தன. திருப்பிக் கூட்டும்போது எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையை ஓரிலக்கம் ஆகும் வரை கூட்டிப் பார்த்தால் 8, 7, 5, 1, 2, 4, மறுபடி 8, 7, 5 என்று சுற்றி வர வேண்டும். திருப்பிய எண்ணும் ஒன்பதைப் பொறுத்தவரை பழைய எண்ணேயாதலால் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிறது, அவ்வளவே. மேலும் 89 + 98 = 187 என்பது 11இன் மடங்கு; அதன்பின் வரும் ஒவ்வொன்றும் 11இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். ஒன்பதுச் சோதனை, பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஏமாந்துவிடும். பதினொன்றுச் சோதனை அதைப் பிடித்துவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் ஏழு பேரும் தத்தம் தவறான படியைக் கண்டுகொண்டோம். பிறர் வந்து திருத்தவில்லை என்பதில் எங்களுக்குள்ள பெருமையைப் பெரியோர் மன்னிக்க வேண்டும்.

196 என்ற எண் இருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பிக் கூட்டினால் என்றேனும் மாலைமாற்று வருமா என்பது இன்றளவும் யாருக்கும் தெரியாது. ஜான் வாக்கர் என்பவர் 1987இல் தம் கணிப்பொறியை இதற்கென ஓட விட்டார். 1990இல் அது நின்றபோது 24,15,836 படிகள் கடந்து, எண் பத்து லட்சம் இலக்கங்களாக வளர்ந்திருந்தது. மாலை வரவில்லை. அதற்குப் பின் இன்னும் பெரிய பொறிகளைக் கொண்டு இன்னும் வெகுதூரம் போய்ப் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் வரவில்லை. வராது என்று நிறுவியவரும் இல்லை. எத்தனை லட்சம் படிகள் ஏறிப் பார்த்தாலும் பார்த்ததைக் கொண்டு மட்டும் 'வராது' என்று சொல்லிவிட முடியாது. எங்கள் அட்டையின் பத்தாம் வரி அந்தப் பாடத்தை எங்களுக்கு நன்றாகவே கற்பித்திருக்கிறது.

எங்கள் வகுப்பறையின் பின்சுவரில் 196க்கென்று ஒரு நீண்ட தாள் ஒட்டியிருக்கிறோம். இப்போது நாற்பத்து மூன்றாம் படியில் நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் ஒன்பதுச் சோதனையும் செய்தவள் பெயரும் உண்டு. அடுத்த ஆண்டு நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் அந்தச் சுண்ணக்கட்டிச் சிறுமி, தாளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நாற்பத்து நான்காம் படிக்கு இடம் விட்டிருக்கிறோம், பென்சிலால் எழுதவும்.